முதலாளிக்கு ஜெயில் பழக்கிய சங்கிலிமுத்து

சங்கிலிமுத்துவுக்குச் சம்பளம் கொடுத்தது போர்மேன் வேலைக்கு. அவர் பார்த்த வேலை ஜெயிலுக்குப் போவது.

எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தால் போலீஸ் முதலில் பிடிப்பது போர்மேனைத்தான். முதலாளி அந்த நேரம் பார்த்துக் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருப்பார். இருபது நாள் கழித்து, முன்ஜாமீன் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மடிப்புக் கலையாமல் ஊருக்குள் வருவார். அந்த இருபது நாளும் ஜெயிலில் யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் போர்மேன். நான் விருதுநகரில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருடம் கேஸ் கட்டுத் தூக்கியவன். இந்த வழக்கத்தைப் பார்த்து முதலில் வயிறு எரிந்தது. பிறகு எரிவதும் பழகிப்போய்விட்டது.

சங்கிலிமுத்து மல்லாங்கிணறுப் பக்கத்து ஆள். அப்பாவுக்கு இரண்டு குறுக்கம் மானாவாரி நிலம். அதை நம்பியிருந்தால் குடும்பம் காற்றைத்தான் குடித்திருக்கும். இவர் பத்தாவது பாஸ், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்துதான் மனுசனைக் கெடுத்தது. திரி முறுக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு ஆபீசில் உட்காரவைத்து ரோல் எழுதச் சொன்னார்கள். ரோல் என்றால் எந்த அறையில் இன்று யார் யார் வேலை என்று எழுதுகிற பேரேடு. அப்புறம் பரீட்சை எழுதவைத்துப் போர்மேன் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தார்கள். ஊரில் மாலை மரியாதை நடந்தது. அது எதற்கான மாலை என்று அப்போது அவருக்குத் தெரியாது.

2001, 2003, 2005 என்று வெவ்வேறு கம்பெனிக்காக மூன்று தடவை உள்ளே போனார். கையெழுத்துப் போட்டதைத் தவிர ஒரு தப்பும் செய்யவில்லை. ஜெயிலில் அவருக்கு நல்ல பெயர். "வாங்க போர்மேன், இந்த வருசம் சீசன் முன்னாலயே ஆரம்பிச்சிருச்சு போல?" என்று வார்டர்கள் விசாரிப்பார்கள். எந்த மூலையில் படுத்தால் கொசு குறைவு, எந்த நாள் சாம்பாரில் பருப்பு இருக்கும், யாரிடம் கேஸைப் பற்றிக் கேட்கக் கூடாது, எல்லாம் அத்துப்படி. அவருடைய நாலாவது தடவைதான் இந்தக் கதை.

பட்டாசு அறை சின்னது. நாலு பக்கமும் வாசல் இருக்கும், தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்று. ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். தீபாவளி ஆர்டர் நெருக்கினால் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். ரோலில் மட்டும் எந்தக் காலத்திலும் நாலு பேர். சோதனை ஜீப் தார் ரோட்டில் திரும்பும்போதே வாட்ச்மேன் விசில் ஊதுவான். "கூடுதல் ஆளெல்லாம் எந்திரிங்க!" என்று ஒரு சத்தம் வரும். கூடுதல் ஆட்கள் பின்னால் இருக்கிற கருவேலங்காட்டுக்குள் போய்க் குத்தவைத்துவிடுவார்கள். ஜீப் போனதும் காலில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே திரும்பி வந்து விட்ட இடத்தில் உட்காருவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பசிக்குச் சோறு தின்பதுபோல எல்லாருக்கும் தெரியும்.

2007 ஆடி மாதம், கனகசபாபதி அண்ணாச்சியின் கம்பெனியில் ஏழாம் நம்பர் அறையில் வெடிமருந்து உராய்ந்து தீப்பிடித்தது. உள்ளே பன்னிரண்டு பேர். பதினொரு பேர் ஓடிவிட்டார்கள். அய்யம்மாள் என்ற பெண்ணுக்கு மட்டும் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. அன்றைய ரோலில் ஏழாம் அறைக்கு நாலு பெயர் இருந்தது. அய்யம்மாள் பெயர் இல்லை. ரோலை எழுதியவர் சங்கிலிமுத்து. அய்யம்மாள் அவர் கூடப்பிறந்த தங்கச்சி.

காலையில் அண்ணாச்சி சொல்லச் சொல்ல எழுதிய நாலு பெயர் அது. தினமும் எழுதுவதுதானே என்று எழுதியிருக்கிறார். தங்கச்சி வாசலில் தூக்குச் சட்டியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறார்.

பெரியாஸ்பத்திரியில் கம்பெனி மேனேஜர் முந்திக்கொண்டு, "வீட்டுல ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று சீட்டில் எழுத வைத்துவிட்டார். மயக்கம் தெளிந்த அய்யம்மாள், "எங்க வீட்டுல ஏதுய்யா ஸ்டவ்வு, வெறகடுப்புதான்" என்று நர்சிடம் சண்டை பிடித்தாள். யார் கேட்டது? ரோலில் இல்லாதவள் கம்பெனியில் இல்லாதவள். நஷ்ட ஈடு கிடையாது, சிகிச்சைக்குக் கம்பெனி பொறுப்பு கிடையாது. புருசனை இழந்து அந்த இரண்டு கையை வைத்துத்தான் அவள் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள். அவள் பெயர் எப்படியாவது தாளில் ஏற வேண்டும். அன்றிலிருந்து சங்கிலிமுத்துவுக்கு வேறு நினைப்பே இல்லை.

இந்தத் தடவை மேல்கோர்ட்டு முன்ஜாமீன் தரவில்லை. முதலாளியே போர்மேனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சரணடையட்டும் என்று சொல்லிவிட்டது. அதுவரை போலீஸும் போர்மேனைப் பிடிக்காமல் விட்டுவைத்திருந்தது. அண்ணாச்சி எங்கள் வக்கீலின் கட்சிக்காரர். சேதியைச் சொல்லப் போனவன் நான். கேட்டதும் மனுசன் சோபாவில் அப்படியே சரிந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "சங்கிலிய வரச் சொல்லு" என்றார்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக சங்கிலிமுத்துவுக்கு அந்த வீட்டில் நாற்காலி கிடைத்தது.

"உள்ள எப்படிலே இருக்கணும்?" என்றார் அண்ணாச்சி. அறுபது வயதுக்காரர், அதுவரை ஜெயில் வாசலை மிதித்ததில்லை.

"பழகிட்டா ஒன்னுமில்ல மொதலாளி."

"அப்பப் பழக்கு. இன்னும் மூணு நாளு இருக்கு."

அந்த மூன்று நாள் கூத்தை நான் கண்ணால் பார்த்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். முதல் பாடம் தரையில் படுப்பது. ஏசியை அணைத்துவிட்டு ஹாலில் வெறும் தரையில் படுத்தார். அண்ணாச்சியின் சம்சாரம் வேல்விழி அம்மா மனசு கேட்காமல் பட்டு ஜமுக்காளம் ஒன்றைச் சொருக, சங்கிலிமுத்து அதை உருவ, அவர் மறுபடி சொருக, இவர் மறுபடி உருவ, நடுவில் அண்ணாச்சி இரண்டு பக்கமும் உருண்டார். அடுத்தது கக்கூஸ். அந்த வீட்டில் ஐந்து கக்கூஸ், ஐந்திலும் நாற்காலி மாதிரி உட்காருகிறதுதான். குத்தவைக்கிற கக்கூஸ் வேலைக்காரர்களுக்காகக் கொல்லையில் ஒன்று இருந்தது. அதன் முன்னால் டிரைவர், சமையல்காரர், தோட்டக்காரர் மூவரையும் வரிசையில் நிற்கவைத்து, கடைசியில் சொம்போடு அண்ணாச்சியை நிறுத்தினார் சங்கிலிமுத்து.

"அவசரம்னா என்னலே செய்ய?"

"அவசரம்னாலும் வரிசைதான் மொதலாளி."

மூன்றாவது பாடம்தான் பெரிய பாடமாகப் போயிற்று. ஜெயிலில் ஆள் கணக்கெடுக்கும்போது பெயரை மொட்டையாகக் கூப்பிடுவார்கள். "உள்ளேன் ஐயா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பழக்குவதற்கு அண்ணாச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும். டிரைவர் மாட்டேன் என்று அழுதேவிட்டார். சமையல்காரர் அடுப்படிக்கு ஓடினார். சங்கிலிமுத்து வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். கடைசியில் வேல்விழி அம்மா முன்வந்தார். முப்பத்தொரு வருடத்தில் புருசன் பெயரை வாயால் சொல்லாதவர். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கனகசபாபதி!" என்றார்.

"உள்ளேன் ஐயா."

"சத்தம் பத்தல. கனகசபாபதி!"

சங்கிலிமுத்து போதும் என்ற பிறகும் அந்த அம்மா நிறுத்தவில்லை. பன்னிரண்டு தடவை கூப்பிட்டதாக நான் எண்ணினேன். கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது முகம் நன்றாக மலர்ந்திருந்தது.

கிளம்புகிற அன்று சங்கிலிமுத்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "மொதலாளி, அய்யம்மா பேரு..."

"ஏலே, அது ரூமுக்கு நாலு பேரு கணக்கு. அவ பேர எழுதுனா அஞ்சாச்சுல்ல? லைசென்சே போயிரும். நீ என்னைய உள்ள பாத்துக்க. வெளிய வந்ததும் ஒரு வழி பண்ணிருவோம்."

முதலாளியும் போர்மேனும் ஒரே கேஸில், ஒரே நாளில் சப்ஜெயிலுக்குள் போனார்கள். எந்த ஊர் ஜெயில் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் மனுசர் வேண்டும். தலைமை வார்டர் ஜெபசுந்தர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவர். கெட்ட ஆள் கிடையாது, மகா சோம்பேறி. அண்ணாச்சி அவரிடம் முதல் வேலையாகத் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். ஜெபசுந்தர் அதை வாங்கிப் பல் குத்திக்கொண்டார்.

செல்லுக்குள் போனதும் அண்ணாச்சி எண்ணிப் பார்த்தார்.

"இது எத்தன பேருக்கு உண்டான ரூமு?"

"ஆறு பேருக்கு மொதலாளி."

"பதினாறு பேரு இருக்கான்! வாசல் ஒன்னுதான் இருக்கு! ஒரு தீ கீ பிடிச்சா எப்படிலே ஓட? சட்டம்னு ஒன்னு இல்லையா இந்த நாட்டுல?"

சங்கிலிமுத்து துண்டை விரித்து அவருக்கு இடம் பிடித்தார். இதை என்னிடம் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை. அண்ணாச்சி எப்படி வாய் கூசாமல் அதைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதல் வாரம் அண்ணாச்சி சோற்றைப் பார்த்து அழுதார். இரண்டாவது வாரம் சாம்பாரில் உப்பு கூட என்றார். மூன்றாவது வாரம் சமையற்கட்டில் நின்று தாளிக்கச் சொல்லிக் கொடுத்தார். செல்லுக்கு 'யூனிட்' என்று பெயர் வைத்தார். படுக்க இடம் போதாது என்பதால் இரண்டு ஷிப்டு தூக்கம். கக்கூஸுக்கு டோக்கன். பிக்பாக்கெட் கோட்டைச்சாமியை சூப்பர்வைசராகப் போட்டார். சாராய கேஸில் வந்த பெத்தணன் கையில் ஸ்டோர் பொறுப்பு, அதாவது நாலு சோப்பும் ஒரு தேங்காயெண்ணெய்ப் பாட்டிலும். சாயங்காலம் எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்து, "இன்னைக்கு என்ன குறை?" என்று கேட்பார். வார்டர்களிடம் தீபாவளி கிப்ட் பாக்ஸுக்கு ஆர்டர் பிடித்தார். சர்க்கரை குறைந்தது, தொப்பை இறங்கியது. பார்க்க வந்த வேல்விழி அம்மா, "நல்லாத்தான் இருக்கீக, இன்னும் கொஞ்ச நாளு இருந்தா மூட்டுவலியும் போயிரும்" என்றார். ஜாமீன் கிடைத்தால் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து வருவதாக அந்த அம்மா வேண்டியிருந்தார். அதை இப்போது எதற்காக நடப்பது என்று குழம்பிப்போய் என்னிடமே யோசனை கேட்டார்.

சங்கிலிமுத்துவுக்கும் உள்ளே ஒரு வேலை கிடைத்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஜெபசுந்தர் ஜெயில் பதிவேடுகளையெல்லாம் அவரிடம் தள்ளிவிட்டார். கைதிகள் பெயர்ப் பதிவேடு, கைதிகள் கொடுக்கிற மனுக்களுக்கான பதிவேடு, எல்லாம் அவர் எழுத்து. அண்ணாச்சியின் துணியையும் அவரே துவைத்தார். துவைத்து உதறும்போதெல்லாம் அய்யம்மாள் பெயரைச் சொல்லிக் கேட்டார். "வெளிய போகட்டும்லே" என்பதுதான் பதில்.

அப்போதுதான் மாஜிஸ்திரேட் அம்மா சோதனைக்கு வருவதாகச் சேதி வந்தது. ஜெபசுந்தருக்கு வியர்த்துவிட்டது. அந்த ஜெயிலில் பதினெட்டுப் பேர்தான் இருக்கலாம். இருந்ததோ நாற்பத்தாறு. கூடுதல் ஆட்களைப் பெரிய ஜெயிலுக்கு அனுப்புங்கள் என்று போன தடவையே அந்த அம்மா எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் போலீஸ் காவல் கேட்டு ஒரு கடுதாசி எழுத வேண்டும். அந்த ஒரு கடுதாசியைத்தான் ஜெபசுந்தர் இரண்டு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்று ஒத்திப்போட்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி செய்ய?" என்று செல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார், இவர்தான் உள்ளே இருப்பதுபோல.

அண்ணாச்சி சிரித்தார். "இதுக்கா மூஞ்சி வாடிப்போயி நிக்கீக? இருபத்தஞ்சு வருசமா நான் பாக்காத இன்ஸ்பெக்சனா?"

வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஜெயிலுக்குப் பின்னாலும் கருவேலங்காடுதான். கூடுதல் ஆட்கள் அத்தனை பேரும் இரண்டு வார்டர்கள் காவலில், ஒரு குடம் தண்ணீரோடு காட்டுக்குள் போய்க் குத்தவைக்க வேண்டும் என்றார். ஒருவன்கூட ஓடவில்லை. பாதிப் பேர் பட்டாசு வேலை பார்த்தவர்கள், அவர்களுக்கு இது புதிதில்லை. மீதிப் பேருக்கு மத்தியானச் சோறு உள்ளே இருந்தது. பிறகு சங்கிலிமுத்துவை உட்காரவைத்து, பெயர்ப் பதிவேட்டைப் புதிதாக எழுதவைத்தார். அண்ணாச்சி சொல்லச் சொல்ல, பதினெட்டுப் பெயர். முதல் பெயர் சங்கிலிமுத்து. போர்மேன் பெயர்தானே எந்தத் தாளிலும் முதலில் வரும். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தார்கள், சரியாகப் பதினெட்டு. ஜெபசுந்தர் பழைய பதிவேட்டை அடுப்பில் போட்டார்.

அண்ணாச்சி தன் பெயரைச் சொல்லவில்லை. அவர் மறந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. எத்தனையோ ஆயிரம் ரோல் சொல்லி எழுதவைத்தவர், ஒன்றிலாவது அவர் பெயர் உண்டா? முதலாளி பெயர் ரோலில் வராது. அது அவர் ரத்தத்தில் ஊறியது.

மாஜிஸ்திரேட் அம்மா வந்தபோது வெள்ளை வேட்டி சட்டையில் வாசலில் நின்று இளநீர் கொடுத்து வரவேற்றதே அண்ணாச்சிதான். யாரோ பழம் கொடுக்க வந்த ஊர்ப் பெரிய மனுசர் என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும். பெயர் வாசித்தார்கள், பதினெட்டுப் பேரும் உள்ளேன் என்றார்கள். "கையெழுத்து அழகா இருக்கே, யார் எழுதினது?" என்று கேட்டார். "நான்தாங்கம்மா" என்றார் சங்கிலிமுத்து. "குறை ஏதும் உண்டா?" என்று கேட்டார். தங்கச்சி பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்று அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். "இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அதற்காக மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். மாஜிஸ்திரேட் கடைசிப் பெயருக்கு அடியில் கோடு கிழித்து, 'பதினெட்டு நபர்கள் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஜெபசுந்தர் பயந்துபோய், சோதனைக்கு முந்தின தேதி போட்டுக் கடுதாசியை எழுதி, காவல் வரவழைத்து, கூடுதல் ஆட்களையெல்லாம் பெரிய ஜெயிலுக்கு ஏற்றி அனுப்பினார். அண்ணாச்சியை மட்டும் நிறுத்திக்கொண்டார், அவருக்குத்தான் ஜாமீன் வரப்போகிறதே என்று.

அதற்கு மறுநாள் ஜாமீன் உத்தரவை எடுத்துக்கொண்டு போனவன் நான்தான். ஜெபசுந்தர் பதிவேட்டைத் திறந்தார். மேலிருந்து கீழ் பார்த்தார். கீழிருந்து மேல் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார்.

"இவரு பேரு இல்லையே" என்றார்.

"ஆளு இந்தா நிக்கிறாரே" என்றேன் நான்.

"ஆளு நிக்கிறாருய்யா. பேரு இல்ல. மாஜிஸ்திரேட்டு கோடு கிழிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க, இனி ஒரு புள்ளி வைக்க முடியாது. கோர்ட்டு இவர இங்க அனுப்புன தாளு என்கிட்ட இருக்கு. ஆனா சோதனை அன்னைக்கு இவரு ஜெயில்ல இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்? தப்பிச்சுப் போயிட்டாருன்னு அர்த்தம். தப்பிச்சவரை எப்படி ஜாமீன்ல விட?"

"தப்பிச்சவன் உள்ளயாய்யா நிப்பான்?" என்று அண்ணாச்சி கத்தினார்.

"அது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. தாளுக்குத் தெரியாதே" என்றார் ஜெபசுந்தர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, காட்டில் குத்தவைத்த கதையைச் சொன்னால் அவர் வேலை போகும்.

அன்றிலிருந்து வினை ஆரம்பித்தது. சமையற்கட்டில் பதினெட்டுப் பேருக்குத்தான் அரிசி. பேர் இல்லாதவருக்கு எப்படிச் சோறு போட என்று சமையல் ஆள் கையை விரித்தான். சங்கிலிமுத்து தன் தட்டில் பாதியைக் கொடுத்தார். பார்க்க வந்த வேல்விழி அம்மாவிடம், அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று வாசல் காவலர் சொல்ல, அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு ஓடிவந்தார். டோக்கன் லிஸ்டிலும் அண்ணாச்சி பெயர் விடுபட்டுப்போயிற்று. கக்கூஸ் வாசலில் கோட்டைச்சாமி, "லிஸ்ட்ல இல்லையே அண்ணாச்சி" என்று கையை நீட்டி மறித்தான். சூப்பர்வைசராகப் போட்டதே இவர்தான்.

வழி ஒன்று இருந்தது. கண்டுபிடித்தது ஜெபசுந்தர். மாஜிஸ்திரேட் மனுப் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை. சோதனை நாளின் தேதியில் அண்ணாச்சி ஒரு மனு கொடுத்ததாகப் பதிவு இருந்தால், அவர் அன்றைக்கு உள்ளேதான் இருந்தார் என்று ஆகும். பெயர்ப் பட்டியலில் விட்டது எழுத்துப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். சங்கிலிமுத்துவுக்கு ரோல் எழுதிய காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு, ஒவ்வொரு நாளுக்கும் அடியில் ஒரு வரி காலியாக விடுவார், பிற்பாடு முதலாளி யாரையாவது சேர்க்கச் சொன்னால் ஆகும் என்று. அந்த வரி காலியாக இருந்தது. ஆனால் பதிவேடு முழுக்க அவர் எழுத்து. மாஜிஸ்திரேட் அம்மா பார்த்து மெச்சிய எழுத்து. வேறு யார் எழுதினாலும் குட்டு உடைந்துவிடும்.

"எழுதுலே சங்கிலி. கொசுக்கடின்னு ஒரு மனு" என்றார் அண்ணாச்சி.

சங்கிலிமுத்து பேனாவை எடுத்தார், பிறகு கீழே வைத்தார். "அய்யம்மா பேருல எழுதுதேன் மொதலாளி. ஏழாம் நம்பர் அறையில அவ வேலை பாத்தா, அங்கனதான் கை வெந்துச்சு, அவ என் கம்பெனித் தொழிலாளி, நஷ்ட ஈடு கொடுக்கணும்னு நீங்க மனுக் குடுக்கீக. அத எழுதுதேன். வேற எதுவும் எழுத எனக்குக் கை வரல."

அண்ணாச்சி வைதார். அவர் வைததை எழுத முடியாது. மறுநாள் கெஞ்சினார். வயிற்றுவலி மனு என்றார், வீட்டுச் சாப்பாடு மனு என்றார், உனக்கு ஆபீசில் ஏசி ரூம் என்றார். சங்கிலிமுத்து துண்டை உதறி விரித்து, தட்டில் பாதிச் சோற்றை அவருக்குத் தள்ளி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நானும் இருந்தேன். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கிலிமுத்துவின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து, "ஏலே, நான் இங்கனதானலே இருக்கேன். தொட்டுப் பாரு. உசுரோட இருக்கேன். ஒரு தாளுல பேரு இல்லேங்கிறதுக்காக நான் இல்லாமப் போயிருவேனா?" என்றார்.

"அய்யம்மாளும் அங்கனதான் மொதலாளி இருந்தா" என்றார் சங்கிலிமுத்து.

என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. கேஸ் கட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அந்த நாலு பெயர் ரோலைக் கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போனவன் நான்.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். ஏழாம் நம்பர் அறையில் ஐந்தாவது ஆளாக அய்யம்மாள் இருந்தாள் என்ற மனுவில். எங்கள் வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டாரே!" என்று குதித்தார். அண்ணாச்சியோ, மண்ணோ மலையோ என்னை வெளியே எடுங்கள் என்று சொல்லியனுப்பினார். அந்த மனுவில் தேதி பொய், சொன்ன சேதி உண்மை. எங்கள் ஆபீசிலிருந்து போகிற தாளெல்லாம் வழக்கமாக இதற்குத் தலைகீழாக இருக்கும். கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அண்ணாச்சி வெளியே வந்தார். லைசென்ஸ் ஆறு மாதம் நின்றது, ஏழாவது மாதம் வேல்விழி அம்மா பெயரில் திறந்தார்கள்.

சங்கிலிமுத்துவுக்கு ஜாமீன் கேட்க எங்கள் வக்கீல் மறந்துவிட்டார். நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். மூன்றாவது தடவையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் வெளியே வர இன்னும் பதினொரு நாள் ஆயிற்று.

வெளியே வந்தவரை நேராகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் நஷ்ட ஈட்டு விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனுசர், அவசரத்தில் இருந்தார். அய்யம்மாளின் இரண்டு கையும் கட்டுப் போட்டிருந்ததால் கைரேகை வைக்க வழியில்லை, கால் பெருவிரலில் மை தடவினார்கள். ரேகை வைப்பதற்கு முன்னால் தாளை வாசித்துக் காட்ட வேண்டும் என்று அதிகாரி வாசித்தார்.

"ஏழாம் நம்பர் அறை, ஐந்தாவது நபர் அய்யம்மாள். நீங்கதானேம்மா?"

அய்யம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். "அஞ்சாவதா? நான் பன்னெண்டாவது சார். கடைசி ஆளு. நாலு வாசல்லயும் ஆளு உக்காந்திருந்துச்சு, அதாலதான எனக்கு ஓட வழியில்லாமப் போச்சு. அஞ்சாவது பத்திரகாளி, எனக்கு முன்னால இருளம்மா."

"அம்மா, அஞ்சுன்னே இருக்கட்டும். பணம் வந்துரும். பன்னெண்டுன்னா கேஸே வேற மாதிரி ஆயிரும், இழுக்கும்."

"அப்ப இனி அவளுக கையி வெந்தா? அவளுக பேரும் எதுலயும் இல்லைல்ல சார்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "தப்பா எழுதுன தாளுல எப்படிண்ணே ரேகை வைக்க?"

அதிகாரி பேனாவை மூடப் போனார். சங்கிலிமுத்து அதை வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்த அறைக்குப் பொறுப்பான போர்மேன் அவர். அதை அவர் கையாலேயே எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று குமாஸ்தாவான எனக்குத் தெரியாதா? அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "வேண்டாம் அண்ணே, இதுக்கு மறுபடி உள்ள போறது நீங்கதான்" என்றேன்.

"உள்ள எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும்ல" என்றார்.

தாளைத் திருப்பிப் போட்டார். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் 'ஏழாம் நம்பர் அறை' என்று முத்து முத்தாக எழுதி, அடியில் கோடு இழுத்தார். தங்கச்சி பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, "ஒன்னாவதுலருந்து சொல்லும்மா" என்றார்.